வாரியத்தின் கடைவாய்ப் பல்

மனிதனுடைய கீழ்க் கடைவாய்ப் பல்லில் எத்தனை மேடு இருக்க வேண்டும் என்பதை ஒரு காலத்தில் கடவுள் தீர்மானித்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பொறுப்பைப் பல் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு வாரியம் எடுத்துக்கொண்டது. கடவுள் ஐந்து வைத்திருந்தார். வாரியம் நாலு போதும் என்றது. இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்ட ஒருத்தியின் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அவளுக்கு இருபத்தேழு வயது. சித்தியின் பல் பட்டறையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறாள். பல் பட்டறை என்றால் பயந்துவிட வேண்டாம். பல் டாக்டர்கள் வாய்க்கு அச்சு எடுத்து அனுப்புவார்கள். பட்டறையில் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகில் பல்லைச் செதுக்கி, உலோகத்தில் கேப் ஆக்கியோ முழுப் பல் செட்டாகக் கட்டியோ திருப்பி அனுப்புவார்கள். ஒரு அச்சகத்துக்கு மேல்மாடியில் இரண்டு அறை. ஜன்னல் கம்பியெல்லாம் வெள்ளை மாவு. அலமாரியில் இருநூறு மாவுத் தாடைகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு நம்பர். கீழே அச்சு இயந்திரம் ஓடும்போது அத்தனை தாடையும் சேர்ந்து கடகடவென்று ஆடும். சித்தி அப்போதெல்லாம், "பேச ஆரம்பிச்சிட்டாங்க, நீ வேலையப் பாரு" என்பாள்.

ஒன்பது வருடத்தில் அவள் கையால் ஆயிரக்கணக்கான பற்கள் ஊரார் வாய்க்குள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஆனால் உயிருள்ள ஒரு வாயைக்கூட அவள் திறந்து பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது. பட்டறைக்காரர்கள் பல் செய்யலாம், வாய்க்குள் பார்க்க டாக்டருக்கு மட்டும்தான் உரிமை. சட்டம் அப்படி.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் நேராகப் பட்டறைக்கே படியேறி வந்தார். புதுப் பல் செட் இடது பக்கம் குத்திக் குத்திப் புண்ணாகிவிட்டது, மூன்று வாரமாகத் தண்ணீர் ஆகாரம்தான் என்றார். அவருடைய மாவுத் தாடையைப் பார்த்ததுமே எந்த இடம் இடிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு தடவை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டால் இரண்டு நிமிட வேலை. அவரும் திறந்தார். சித்தி குறுக்கே வந்து நின்று, ஐயா தயவுசெய்து மூடுங்க, இவ பார்த்தா நாளைக்கே பட்டறைக்குப் பூட்டு என்று சொல்லி அவரை டாக்டரிடமே அனுப்பிவைத்தாள். டாக்டர் செட்டைப் பட்டறைக்கு அனுப்பினார், 'சரி செய்யவும்' என்ற சீட்டோடு. எங்கே என்று எழுதவில்லை. இப்படியே மூன்று நடை. நாலாவது தடவை ஓட்டுநரே செட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, பழகிடுச்சும்மா, இது இல்லாமலே இருந்துக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் அவள் சித்தியிடம், தான் பல் மருத்துவம் படிக்கப்போவதாகச் சொன்னாள். சித்தி மெழுகு உருக்குவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். பிறகு, "அதுக்கு வயசு இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். கல்லூரி திறக்கிற நாளில் இருபத்தெட்டு முடிந்திருக்கக் கூடாது. கணக்குப் பார்த்தால் இரண்டே இரண்டு தேர்வுதான் அவளுக்குக் கிடைக்கும்.

தேர்வு இரண்டு பகுதி. எழுத்துத் தேர்வுக்கு அறுபது மார்க். கைத்திறன் தேர்வுக்கு நாற்பது. கைத்திறன் என்பது ஒரு கனமான சாக்பீஸ் கட்டியைக் கொடுத்து ஒன்றரை மணி நேரத்தில் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லைச் செதுக்கச் சொல்வது. இதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன்குஞ்சுக்கு நீச்சல் பரீட்சையா என்று சித்தியும் சொன்னாள். முதல் வருடம் அவள் எதிரே வைத்திருந்த மாதிரிப் பல்லைத் திரும்பியும் பார்க்காமல் முக்கால் மணி நேரத்தில் செதுக்கி வைத்துவிட்டு, மீதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே ஐந்து மேடு, கன்னத்துப் பக்கம் மூன்று, நாக்குப் பக்கம் இரண்டு, நடுவில் பள்ளம், எல்லாம் கச்சிதம். முடிவு வந்தது. எழுத்தில் நாற்பத்தெட்டு. கைத்திறனில் பூஜ்யம். பக்கத்தில் சிவப்பு மையில் காரணம்: கூடுதல் மேடு.

பூஜ்யம். ஒன்பது வருடம் பல் செதுக்கிய கைக்குப் பூஜ்யம். நாலு நாள் அவள் செதுக்குக் கத்தியைத் தொடவில்லை.

ஐந்தாம் நாள் பயிற்சி மையத்தில் போய்ச் சேர்ந்தாள். பல் மருத்துவத் தேர்வுக்கென்றே நடக்கிற மையம். அங்கே மற்றவர்கள் எல்லாரும் பதினெட்டு வயது. முதல் நாளே அவளுக்குப் 'பட்டறை அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

மையத்தை நடத்துகிறவரை மாஸ்டர் என்பார்கள். அவர் படித்தது நில அளவை. மேடு பள்ளம் அவருக்குக் கைவந்த கலை. எந்த மனிதனுடைய வாய்க்குள்ளும் எட்டிப் பார்க்காமலே பதினோரு வருடமாகப் பல் பாடம் நடத்திவருகிறார் என்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. வகுப்பின் நடுவில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் நீலத் துணி, துணி மேல் வாரியம் விற்கிற மாதிரிப் பல்லின் மாவுப் பிரதி, ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு. அக்கா பக்கத்தில் போய்ப் பார்த்தாள். நாலு மேடுதான் இருந்தது. ஐந்தாவது இருக்க வேண்டிய இடத்தில் சாய்வாக ஒரு வெட்டு. மேலே சுவரில் பெரிய எழுத்தில், 'பல்லைப் பார்க்காதே, மாதிரியைப் பார்' என்று எழுதியிருந்தது.

சும்மா எழுதி வைத்ததில்லை அது. மையத்தின் கழிப்பறையில் இருந்த கண்ணாடிகளையெல்லாம் கழற்றிவிட்டார்கள், பிள்ளைகள் போய் வாயைத் திறந்து பார்த்துக் குழம்பிவிடுகிறார்களாம். வகுப்பில் பல் தெரியச் சிரிக்கக் கூடாது. நாக்கால் கடைவாயைத் தடவிப் பார்ப்பது கண்டுபிடிக்கப்பட்டால் ஒரு நாள் வெளியே நிற்க வேண்டும். முன்வரிசையில் ஒரு பெண் கன்னத்தைக் கொஞ்சம் அசைத்ததற்கு மாஸ்டர் அவளை எழுப்பி நிறுத்தி அரை மணி நேரம் விசாரித்தார். காலையில் வருகைப் பதிவெடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' கிடையாது. பெயர் கூப்பிட்டால் 'நாலு' என்று சொல்ல வேண்டும். அறுபது பிள்ளைகளும் வரிசையாக நாலு, நாலு, நாலு என்பார்கள். அக்காவின் முறை வந்தபோது, ஐந்து என்று தெரிந்தே, அவளும் நாலு என்றாள்.

அந்த வெட்டு எத்தனை டிகிரி சாய்வு என்று மாஸ்டர் இரண்டு வாரம் பாடம் எடுத்தார். முப்பத்தேழாம். அதன் ஓரத்தில் ஒரு சின்னச் சொரசொரப்பு இருக்கிறது, அதையும் விடாமல் கொண்டுவந்தால் இரண்டு மார்க் கூட. அக்கா அந்தச் சொரசொரப்பை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்பது வருடமாக மாவோடு புழங்குகிறவளுக்குத் தெரியாதா, அது உடைந்த இடம். எப்போதோ யாரோ கீழே போட்டு உடைத்த பல்லைத்தான் இத்தனை பேரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். எழுந்து நின்றாள்.

"சார், என் வாயில அஞ்சு இருக்கு."

"உன் வாயா தேர்வு எழுதப்போகுது?"

"இல்ல சார்."

"அப்ப அத மூடு."

வகுப்பே சிரித்தது, பல் தெரியாமல்.

மறுவாரம் அவள் வாரியத்துக்கு நேரில் போனாள். இங்கேதான் அவள் தப்புச் செய்தாள் என்று சித்தி இன்றைக்கும் சொல்கிறாள். ஊரோடு ஒத்துப்போயிருக்கலாம். ஆனால் உடைந்த பல்லை உடைந்தது என்று சொல்வதில் என்ன கெட்டுப்போகிறது என்று அவள் நினைத்தாள். அலுவலகம் தெரியாதவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

விசாரணை மேஜையில், எதைத் திருத்த வேண்டும் என்று கேட்டார்கள். பெயரைத் திருத்த ஒரு படிவம், பிறந்த தேதியைத் திருத்த ஒரு படிவம், புகைப்படத்தைத் திருத்த ஒரு படிவம். பல்லைத் திருத்தப் படிவம் இல்லை. இதற்கு முன்னால் யாரும் கேட்கவில்லையாம். கடைசியில் 'பெயர்' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு மேலே 'பல்' என்று எழுதச் சொன்னார்கள். 'தவறான பல்', 'சரியான பல்' என்று இரண்டு கட்டம் வந்தது. நிரப்பிக்கொண்டு மாதிரிப் பிரிவு அலுவலரிடம் போனாள்.

மாதிரிப் பிரிவு அலுவலர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். எரிந்துவிழுகிற ஆளாக இருந்தால் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். இவர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார், மனுவை இரண்டு தடவை படித்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் மூல மாதிரிப் பல் வீற்றிருந்தது.

"உடைஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க. அது உடையல," என்றார். "பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த அலமாரிய அந்த ரூம்லேருந்து இந்த ரூமுக்கு மாத்தினாங்க. அப்ப நிர்வாகக் காரணங்களால ஒரு மேடு குறைஞ்சுது. அவ்வளவுதான்."

அக்கா கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"பத்தொன்பது வருஷமா இந்தப் பல்லச் செதுக்கித்தான் டாக்டருங்க வந்திருக்காங்க. பல்லு தப்புன்னு சொன்னா அவங்க எல்லாம் தப்பா? அதுல ரெண்டு பேரு இப்ப வாரியத்திலயே இருக்காங்க. எனக்குக் கேப் போட்டதும் அதுல ஒருத்தருதான். நான் என்ன சாப்பிடாமயா இருக்கேன்? ஒரு பக்கமா மெல்றேன், ஆனா சாப்பிடறேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவனிடம்கூட முயலைக் கொண்டுபோய்க் காட்டலாம். இவர் முயலோடு முயலின் சொந்தக்காரரையும் கொண்டுவரச் சொன்னார். அசல் பல் ஒன்று வேண்டும், அதன் உரிமையாளரும் நேரில் வர வேண்டும், அப்போதுதான் மனுவை ஏற்க முடியும் என்றார்.

நல்ல காலமோ கெட்ட காலமோ, சித்திக்குப் போன கோடையில்தான் அதே பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். தொழில்காரி, தூக்கிப்போட மனமில்லாமல் ஒரு மாத்திரை டப்பாவில் வைத்திருந்தாள். இரண்டு பேரும் பட்டறையைப் பூட்டிவிட்டு டப்பாவோடு போனார்கள். அலுவலர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஐந்து மேட்டையும் எண்ணினார். எண்ணினதை ஒத்துக்கொண்டார். பிறகு பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"இது உபயோகிச்ச பல்லும்மா. தேய்ஞ்சிருக்கு. வாரியத்துக்குப் புதுசு வேணும்."

சித்திக்கு மூக்கு நுனியில் கோபம். "இது ஆறு வயசுல முளைக்கிற பல்லு. புதுசு வேணும்னா ஒண்ணாங்கிளாஸ் குழந்தை வாயிலேருந்து புடுங்கணும். புடுங்கிட்டு வரட்டுமா?"

அலுவலர் யோசித்தார். பக்கத்து மேஜைக்காரரிடம் எதுவோ கேட்டார். "அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும்," என்றார்.

பிறகு உரிமையாளரைச் சரிபார்க்கும் கட்டம். சித்தி வாயை ஆவென்று திறந்து, காலி இடத்தை விரலால் காட்டினாள். அலுவலர் பதறிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாய்க்குள் பார்க்கத் தங்களுக்கு உரிமை கிடையாது, தாங்கள் நிர்வாகம்தான் என்றார். எனவே சித்தி மூடிய வாயோடு, பல் தன்னுடையதுதான் என்று தலையாட்டி, கீழே கையெழுத்துப் போட்டாள். பல்லை உறையில் போட்டு, அரக்கு வைத்து, நம்பர் எழுதிக்கொண்டார்கள். மனு பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு சீட்டுத் தந்தார்கள். அதற்குப் பிறகு அக்கா ஏழு தடவை போய்க் கேட்டாள். ஏழு தடவையும் அதே வாக்கியம்தான் பதில்.

எட்டாவது தடவை போகவில்லை. தேர்வுக்கு ஐந்து மாதம்தான் இருந்தது. வீம்பு பிடித்தால் இந்த வருடமும் போகும், அதோடு எல்லாமே போகும். பல்லைக் கடித்துக்கொண்டு நாலு மேட்டுப் பல்லைச் செதுக்க உட்கார்ந்தாள். ஐந்நூறு சாக்பீஸ் கட்டிக்கு மேல் செதுக்கியிருப்பாள். முப்பத்தேழு டிகிரி, சொரசொரப்பு, எல்லாம் அச்சு அசல். மாஸ்டர் அவளுடைய பல்லை நீலத் துணி மேல் வைத்து, பாருங்கள், உண்மையான பல்லைப் பார்த்துக் கெட்டுப்போனவர்கள்கூடத் திருந்த முடியும் என்று வகுப்புக்குச் சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷப்பட்டதற்காக இன்னும் வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் பட்டறையில் அவள் முடித்து வைத்த மெழுகுப் பல்லைச் சித்தி கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"தையல்கார அம்மாவுக்கு."

"அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

அக்கா வாங்கிப் பார்த்தாள். நாலு மேடு. முப்பத்தேழு டிகிரி வெட்டு. அவளுக்குத் தெரியாமலே கை செய்திருந்தது. அப்படியே மெழுகை நசுக்கிப் போட்டுவிட்டு, மேஜையில் தலையை வைத்து அழுதாள். சித்தி தேற்றவெல்லாம் இல்லை. தேர்வு முடியறவரைக்கும் நீ கடைவாய்ப் பக்கம் வராதே, முன்பல்லை மட்டும் பாரு என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தாள்.

தேர்வு நாள் வந்தது. பெரிய கூடத்தில் எழுநூறு மேஜை. வாய்க்கு முகமூடி கட்டாயம், சுகாதாரத்துக்காக இல்லை, பக்கத்து மேஜைக்காரன் வாயைப் பார்த்துக் காப்பியடிக்காமல் இருப்பதற்காக. முந்தின நாள் எழுத்துத் தேர்வை அக்கா நன்றாகவே எழுதியிருந்தாள். இன்றைக்கு இந்த ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் போதும். கட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். மாதிரிப் பல்லைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது. வாரியத் தலைவர் பேசினார்.

"மாணவச் செல்வங்களே. மாதிரிப் பல்லில் குறை இருப்பதாக ஒரு விண்ணப்பதாரர் மனு அளித்திருந்தார். வாரியம் திறந்த மனதுடையது. உடனடியாக ஒன்பது பேர் கொண்ட குழு அமைத்தோம். நான்கு பேர் நான்கு மேடுதான் என்றார்கள். நான்கு பேர் ஐந்து என்றார்கள். ஒன்பதாவது உறுப்பினருக்குப் பல்வலி, வர இயலவில்லை. யாருடைய மனமும் புண்படக் கூடாது என்பதே எங்கள் கொள்கை. எனவே இந்த ஆண்டு முதல் மனிதப் பல்லில் நாலரை மேடு என்று ஏகமனதாக முடிவு செய்திருக்கிறோம். அனைவருக்கும் வாழ்த்துகள்."

துணியை எடுத்தார்கள். நாலு மேடு, வெட்டு இருந்த இடத்தில் பாதி தேய்ந்த அழிரப்பர் மாதிரி ஒரு அரை மேடு.

மையத்தில் முன்வரிசையில் உட்காரும் பெண் விசும்புகிற சத்தம் கேட்டது. எந்தக் கடங்காரன் மனு குடுத்தான் என்று பின்னாலிருந்து ஒருவன் பல்லை நறநறவென்று கடித்தான். அக்கா முகமூடியை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டாள். மையத்துப் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு நாலு செதுக்கப் பழகினவர்கள். எதிரே இருப்பதைப் பார்த்துச் செதுக்கு என்றால் எப்படிச் செதுக்குவார்கள்? பாதிப் பேர் பழக்கத்தில் வெட்டிவிட்டு, வெட்டின துண்டை, முகமூடிக்குள் விரலை விட்டு எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா மாதிரிப் பல்லையே பார்த்தாள். உலகத்தில் எந்த வாயிலும் இல்லாத பல் அது. ஆனால் மேஜை மேல் எது இருக்கிறதோ அதைச் செய்வதுதான் பட்டறை வேலை. கோணல் வாய், தேய்ந்த வாய், எது வந்தாலும் அளவு பார்த்துச் செய்து பழகின கை. ஒரு மணி நேரத்தில் நாலரை மேட்டை முடித்து வைத்துவிட்டாள். வெளியே வந்து சித்தியிடம், "செஞ்சிட்டேன் சித்தி" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. எழுத்தில் ஐம்பத்திரண்டு. கைத்திறனில் நாற்பதுக்கு நாற்பது. முதல் இடம் அவளுக்குத்தான். கீழே அச்சகத்துக்காரர்கள்கூட இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேலே வந்து கை கொடுத்தார்கள். நம்பருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் இருந்ததைச் சித்திதான் முதலில் பார்த்தாள். முதல் இடம் என்பதால் வைத்திருப்பார்கள் என்றார் அச்சகத்துக்காரர். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், 'முடிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் மாதிரிப் பிரிவு அலுவலர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மறுபடியும் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க மேல ஒரு சின்ன விசாரணை," என்றார். "மாதிரி மாறப்போகுதுன்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு."

"தெரியாது சார். எல்லாரையும் மாதிரி நானும் கூடத்திலதான் கேட்டேன்."

"மனு குடுத்தது நீங்கதானே?"

"ஆமா."

"மனு குடுக்கறவங்களுக்கு அது ஏத்துக்கப்படும்னு ஒரு நம்பிக்கை இருக்கும். நம்பிக்கைன்னா என்ன? முன்கூட்டியே தெரியறதுதான். அதுவும் இல்லாம, இந்தத் தேர்வுல இதுவரைக்கும் யாரும் நாப்பது வாங்கினதில்ல. பல் செய்யத் தெரிஞ்சவங்க மாதிரி செஞ்சிருக்கீங்கன்னு திருத்தினவரே சந்தேகமா எழுதியிருக்காரு."

விசாரணை எவ்வளவு நாள் நடக்கும் என்று கேட்டாள். எட்டு மாதம். கல்லூரி திறக்க ஒன்றரை மாதம்தான் இருந்தது. அடுத்த வருடம் கல்லூரி திறக்கும்போது அவளுக்கு இருபத்தெட்டு முடிந்து எட்டு மாதம் ஆகியிருக்கும். இதையெல்லாம் அவள் நிதானமாக, ஒவ்வொரு தேதியாகச் சொன்னாள். அலுவலர் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். ஒரு வழி இருக்கிறது என்றார். அந்த மனு என்னுடையது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் விசாரணையே கிடையாது. முடிவை இன்றைக்கே வெளியிட்டுவிடலாம்.

அக்கா பேனாவை எடுத்தாள். சித்தி அவள் கையைப் பிடித்தாள். "இருடி. அப்படி எழுதினா மனு என்ன ஆகும் சார்?"

"மனுதாரர் இல்லாத மனு செல்லாது."

"மனு செல்லலேன்னா?"

"மாதிரிய மாத்தினதும் செல்லாது. மறுபடி நாலு மேடு. எல்லாரையும் நாலு வச்சுத் திருத்துவோம்." அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "உங்களது நாலரை. அரை மேடு கூடுதல். அதுக்குப் பூஜ்யம் வரும். ஆனா உடனே வரும்."

ஒப்புக்கொண்டால் வயது போகும், மறுத்தால் மார்க் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு அவள் முகத்தில்தான் சாத்தப்படுகிறது, சாத்துகிறவரோ மரியாதையாகச் சாத்துகிறார். சித்தி எழுந்து நின்றாள். படிப்புதான் இல்லை என்று ஆகிவிட்டது, என் பல்லையாவது திருப்பிக் கொடுங்கள் என்றாள். அலுவலர் வருத்தத்தோடு தலையசைத்தார். பல் இப்போது ஆதாரம். பத்து வருடம் வைத்திருந்து அழித்துவிடுவார்கள்.

அக்கா காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்தாள். அந்த மனு என்னுடையதுதான். பல்லில் ஐந்து மேடு இருக்கிறது. மாதிரி உடைந்தது. கையெழுத்துப் போட்டுத் தள்ளினாள்.

அலுவலர் நிதானமாகப் படித்தார். "அஞ்சுன்னு போட்டிருக்கீங்களே. இப்ப நடைமுறையில இருக்கறது நாலரை."

"பல்லுல அஞ்சுதான் சார் இருக்கு."

"அப்ப இது விளக்கக் கடிதம் இல்ல. புது மனு." அவர் முகம் மலர்ந்தது. புது உறை ஒன்றை எடுத்தார், நம்பர் எழுதினார். "போன தடவை அஞ்சு கேட்டீங்க, நாலரை குடுத்தோம். இப்பவும் அஞ்சு கேக்கறீங்க. குழு கூடினா நாலே முக்கால் வரைக்கும் வரும். அவசரப்படக் கூடாது."

"எனக்கு வயசு முடிஞ்சிடும் சார்."

"நீங்க படிச்சாத்தான் பல் திருந்தணும்னு இல்லையேம்மா. மனு பாட்டுக்கு நடக்கும்."

மனு பரிசீலனையில் இருக்கிறது என்ற சீட்டை அவர் முத்திரை குத்தி நீட்டினார். அக்கா அதை வாங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அலுவலகத்தில், ஒரு அதிகாரியின் கண்ணெதிரே, சீட்டை இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்து மேஜை மேல் போட்டாள்.

அலுவலர் கோபித்துக்கொள்ளவில்லை. துண்டுகளைச் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, நகல் சீட்டு வாங்க எந்த அறைக்குப் போக வேண்டும் என்று வழி சொன்னார்.